இமை பார்த்த மூன்று நாள்

அபயாம்பாளின் இடது உள்ளங்கை மூளி என்ற குரங்கின் தாடையைத் தாங்கியிருந்தது. வலது கையின் இரண்டு விரல்கள் அதன் மேல் இமையைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்திருந்தன. மயக்க ஊசி போட்டு ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. இன்னும் பத்து நிமிஷத்தில் மூளி விழித்துவிடும். விழித்ததும் எதைக் கடிக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

“ஆடாம பிடிங்க சிஸ்டர்,” என்றார் கால்நடை டாக்டர் சந்திரமோகன்.

“நான் ஆடலை. உங்க ஊசிதான் ஆடறது.”

மெல்லிய ஊசி இமைத்தோலுக்குள் படுக்கைவாட்டில் நுழைந்து, ஒரு துளி மருந்தை விட்டுவிட்டு வெளியே வந்தது. கடுகளவு கொப்புளம் எழுந்தது. அபயாம்பாள் முகத்தில் கட்டியிருந்த துணிக்குள்ளேயே மூச்சு விட்டாள்.

“பத்தாச்சு. இவதான் கடைசி,” என்றாள்.

ஆக, பத்துக் குரங்குகளின் இமையிலும் மருந்து ஏறிவிட்டது. அன்று திங்கட்கிழமை. உடம்புக்குள் காசநோய்க் கிருமி இருந்தால் அந்த இமை சிவக்கும், வீங்கும், வியாழக்கிழமைக்குள் தொங்கிப்போகும். கிருமி இல்லையென்றால் ஒன்றும் ஆகாது. மனுஷனுக்குக் கையில் போடுகிற ஊசியைக் குரங்குக்கு இமையில் போடுவதற்குக் காரணம் உண்டு. தினம் பிடித்துக் கட்டாமல், தள்ளி நின்றே பார்த்துச் சொல்லிவிடலாம்.

பன்னிரண்டு நாள் முன்னால் மூப்பன் செத்துப்போனது. கூட்டத்திலேயே பெரிய ஆண். ஒரு மாதமாக இளைத்துக்கொண்டே வந்தது. வயசாகிவிட்டது என்றுதான் அபயாம்பாள் நினைத்தாள். சந்திரமோகன் அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் முழுக்க ஜவ்வரிசி விதைத்ததுபோல் மஞ்சள் மணிகள். நாலு வருஷம் காசநோய் வார்டில் வேலை பார்த்தவளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“ஒண்ணு ரெண்டுன்னா சமாளிக்கலாம்,” என்று சந்திரமோகன் அன்றே சொல்லியிருந்தார். “நாலு அஞ்சுக்கு இமை வீங்கிச்சுன்னா, கூட்டம் மொத்தத்தையும் முடிக்கச் சொல்லித்தான் மேல எழுதணும். வேற வழி நஹி, சிஸ்டர்.”

இப்போது மூளி கூண்டுக்குள் புரண்டு படுத்தது. இரண்டு பேரும் வெளியே வந்து கதவைத் தாழிட்டார்கள்.

அபயாம்பாளுக்கு அந்த வருஷம், எண்பத்தாறில், அறுபது வயது. மாயவரத்துக்காரி. சென்னையில் நர்ஸ் படிப்பு முடித்து, அங்கேயே காசநோய் வார்டிலும் இருந்துவிட்டு, கணவர் சக்ரபாணிக்கு சிகந்திராபாத் பக்கம் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை கிடைத்தபோது கூடவே வந்தவள். அதே தொழிற்சாலையின் டிஸ்பென்சரியில் இருபத்து நாலு வருஷம் நர்ஸ். லேத்தில் விரலைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களை உட்காரவைத்துத் தைத்து, “நாளைக்கு வா, அழாதே,” என்று அனுப்புகிறவள். சக்ரபாணி மாரடைப்பில் போனபிறகும் அழுது யாரும் பார்த்ததில்லை. குழந்தைகள் கிடையாது.

குரங்குகள் அவளிடம் வந்தது எழுபத்தெட்டில். வெளிநாட்டுச் சோதனைச்சாலைகளுக்குக் குரங்கு அனுப்புவதை சர்க்கார் நிறுத்திய வருஷம் அது. ஒரு வியாபாரி, விற்க முடியாத சரக்கை கோடவுனில் பூட்டிப் போட்டுவிட்டுக் காணாமல் போனான். பூட்டை உடைத்தபோது பதினாலு உயிரோடு இருந்தன. எல்லாம் வடக்கே பிடித்த செம்முகக் குரங்குகள். எங்கே கொண்டுபோவது என்று யாருக்கும் தெரியவில்லை. காட்டில் விட்டுவிடலாம் என்றார்கள். இந்தப் பக்கத்துக் காடு அவற்றின் காடு இல்லை. கூண்டுச் சோறு தின்று பழகினது நேரே பக்கத்து ஊருக்குள் இறங்கும், அங்கே கல்லடி படும். சந்திரமோகன் அவளுக்குத் தெரிந்தவர். “இடம் இருக்கா சிஸ்டர்?” என்று கேட்டார். போலாரத்தில் அவள் குடியிருந்த பழைய பங்களாவின் பின்னால் இரண்டு ஏக்கர் புளியமரத் தோப்பு சும்மா கிடந்தது. வீட்டுக்காரர் லண்டனில்.

முதல் வருஷம் அவளும் தப்புதான் செய்தாள். தோப்பில் பிறந்த ஒரு குட்டியை வீட்டுக்குள் எடுத்துவந்து, புட்டிப்பால் கொடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தாள். அது அவளைத்தான் தாய் என்று நினைத்தது. ஒரு வயசில் கூட்டத்தோடு விட்டபோது மற்றவை அதைக் கடித்துத் துரத்தின. மனுஷரிடம் வந்தால் மனுஷரைக் கடித்தது. எந்தப் பக்கமும் சேராமல் மூலையில் உட்கார்ந்து தன் கையையே கடித்துக்கொண்டு செத்தது. அதற்கப்புறம் அவள் எதையும் தூக்கவில்லை.

ஆண் குரங்குகள் எல்லாவற்றுக்கும் சந்திரமோகன் கருத்தடைக்குக் கத்தி வைத்தார். கூண்டில் பிறந்து கூண்டில் சாக இன்னொன்று வேண்டாம். சாமி பேர் வைக்கக் கூடாது. காது போனது மூளி, வயசானது மூப்பன், அவ்வளவுதான். இரண்டு கம்பி வேலி, நடுவில் ஆறடி இடைவெளி, உள்ளே மேலேயும் வலை. வேடிக்கை பார்க்க யாருக்கும் அனுமதியில்லை. ஒரு தடவை போலீஸ்காரர் ஒருவர் குரங்காட்டியிடமிருந்து பிடித்த குட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். இங்கே பதினாலுக்குத்தான் இடம், பதினைந்தாவதைச் சேர்த்தால் பதினைந்தும் கெடும் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டு, வேறு இடம் கிடைக்கும்வரை மூன்று நாள் தொலைபேசியைச் சுற்றினாளே தவிர, உள்ளே விடவில்லை. அதற்கப்புறம் மூன்று முதுமையில் போயின; மூப்பனோடு சேர்த்து மிஞ்சியது பதினொன்று.

அவள் தம்பி ஜம்புநாதன்தான் இதற்கெல்லாம் முகம் சுளிப்பவன். காஞ்சன்பாக்கில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்று, மனைவி போனபின் அக்காவோடு வந்து சேர்ந்தவன். குரங்குகளுக்குச் சமையல் அவன்தான். கிழங்கு வேகவைப்பான், கடலை ஊறவைப்பான், கீரை கழுவுவான். படு சுத்தக்காரன், அதில் அக்காவே குறை காண முடியாது.

போன வருஷம் பெரிய அதிகாரியின் மனைவி ஒருத்தி, கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டுத் தருகிறேன், அனுமத் ஜயந்திக்கு ஒருநாள் மட்டும் ஜனங்களை உள்ளே விடுங்கள் என்றாள். அபயாம்பாள் மாட்டேன் என்றாள்.

“ஒரே ஒரு நாள்தானே அக்கா. வடைமாலை சாத்துவா, கும்பிடுவா, போயிடுவா,” என்றான் ஜம்புநாதன்.

“வடையை யாருடா திங்கறது?”

“ஆஞ்சநேயர்தான்.”

“அவருக்குப் பேதி ஆனா நீயா அள்ளுவே?”

கூரை ஒழுகிக்கொண்டேயிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, முதல் நாள் பார்வை. அபயாம்பாள் கையில் டார்ச்சோடு உள்வேலிக்கு வெளியே நின்றாள். கூண்டு சுத்தம் செய்கிற தாயம்மாள் தீனிப் பலகையில் கிழங்கை வைக்க, ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று, சுத்தம். இரண்டு, சுத்தம். மூன்றாவது கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தது. டார்ச்சை அதன் முகத்தில் அடித்துப் பார்த்தாள். தூசி. நாலு, ஐந்து, ஆறு. மூளி கடைசியில் வந்தது. ஊசி போட்ட இமையில் லேசாகச் சிவப்பு. ஊசி குத்தினாலே அவ்வளவு சிவக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். நோட்டில் ‘சந்தேகம்’ என்று எழுதினாள்.

அன்று முழுக்க அவளுக்கு ஒரே கேள்விதான். எங்கிருந்து வந்தது? வந்த வருஷம் பதினாலையும் தனியாக வைத்து மூன்று தடவை சோதித்தாகிவிட்டது. புதிதாக ஒன்றையும் சேர்க்கவில்லை. குரங்குக்கு இந்த நோய் காற்றிலிருந்து தானாக வருவதில்லை; மனுஷனிடமிருந்துதான் வரும். உள்வேலிவரை போகிறவர்கள் யார்? அவள், தாயம்மாள், சந்திரமோகன். தாயம்மாளை வருஷா வருஷம் அவளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்க்கிறாள். டாக்டரும் எடுத்துக் காட்டிவிடுவார். அப்படியென்றால் யார்? வேலியைத் தாண்டி யாராவது எதையாவது வீசுகிறார்களா? இரண்டு தடவை தோப்பைச் சுற்றி வந்தாள். எச்சில் இலை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

சமையலறையில் ஜம்புநாதன் இருமினான்.

“என்னடா?”

“தாளிச்ச நெடி.”

அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

புதன்கிழமை காலை சந்திரமோகனும் வந்திருந்தார். ஒன்பது இமைகள் சுத்தமாக இருந்தன. மூளியின் இமை இரவோடிரவாகப் பருத்து, கண்ணைப் பாதி மூடியிருந்தது. டார்ச் தேவைப்படவில்லை, வெளிவேலியிலிருந்தே தெரிந்தது.

“நாளைக்கும் பார்த்துடலாம்,” என்றார் அவர். பேச்சில் பிடிமானமில்லை. “ஆனா எங்கேயிருந்து சிஸ்டர்? அது தெரியாம மத்த ஒன்பதைக் காப்பாத்த முடியாது. இன்னிக்கி சுத்தம்னா நாளைக்கி ஒட்டிக்கும்.”

“உள்ளே போறது மூணே பேர். மூணு பேருக்கும் படம் இருக்கு.”

பக்கத்தில் வாளியில் பினாயில் கரைத்துக்கொண்டிருந்த தாயம்மாள் நிமிர்ந்தாள். அவளுடைய தாத்தாவின் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்தவர்; சிகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள் அவள்.

“மூணு பேர் நஹி மா. நாலு.”

“யாரு நாலாவது?”

“நான் சொன்னா நீங்க திட்டுவீங்க.”

“சொல்லாட்டாலும் திட்டுவேன். சொல்லு.”

“பெரியவரு. சனிக்கெழம சனிக்கெழம நீங்க மோண்டா மார்க்கெட்டுக்குப் போறீங்கல்ல? அப்பொ சாவி எடுத்துக்கினு வருவாரு. மூப்பன்கிட்ட உக்காந்து மந்திரம் சொல்லுவாரு. பழம் குடுப்பாரு.”

“எத்தனை நாளா?”

“தசராவுக்கு முன்னாலேர்ந்து மா.”

“இவ்வளவு நாள் ஏன் வாயைத் திறக்கலை நீ?”

தாயம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். “நான் என்னா சொல்றது? அவரு உங்க வீட்டு மனுசன். எனக்கு மட்டும் வருசா வருசம் நெஞ்சுல போட்டோ. அவருக்கு மட்டும் நக்கோவா, வேணாமா? நான் என்னா, ரோட்டுல கெடந்து வந்தவளா?”

அபயாம்பாள் துடைப்பத்தை எடுத்து வேலியில் சாய்த்துவைத்தாள். சந்திரமோகன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாயம்மாள் கேட்டதில் தப்பில்லை. தீனி சமைக்கிறவனின் நெஞ்சை அவள் ஒருநாளும் படம் பிடிக்கவில்லை. அவன் தம்பி, அவனுக்கு எதற்கு என்று நினைத்தாள். சரியாகச் சொன்னால், நினைக்கவே இல்லை.

சமையலறையில் அடுப்பு எரியவில்லை. ஜம்புநாதன் முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தான். அவள் நிலைப்படியில் நிற்கும்போதே இருமினான். வாயை மூடிக்கொண்டு விழுங்குகிற இருமல். வார்டில் நாற்பது கட்டில்களிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம்.

“இன்னிக்கு என்னத்தைடா தாளிச்சே?”

அவன் இன்னும் வேகமாகப் புடைத்தான்.

“சட்டையைக் கழட்டு.”

“எதுக்கு?”

“கழட்டுடா.”

விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. தினம் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன். சட்டைக்குள் இவ்வளவு வற்றியிருக்கிறான்.

“சனிக்கிழமை மூப்பன்கிட்ட என்ன பண்ணினே? ஒண்ணு விடாம சொல்லு.”

“தப்பா ஒண்ணும் பண்ணலை. ஒரு பழம் கொடுப்பேன். பாதியைக் கடிச்சுட்டு மீதியைக் கம்பி வழியா நீட்டும். அது நீட்டினா வாங்கிக்காம இருக்க முடியுமா?”

“வாங்கி?”

“சாப்பிட்டேன்.”

அபயாம்பாள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இவன் தம்ளரை உதட்டில் வைத்துத் தண்ணீர் குடித்ததில்லை. அடுத்தவர் கை பட்ட சாதத்தைத் தொடமாட்டான். சாப்பிட்ட இடத்தைத் தானே இரண்டு தரம் மெழுகுவான்.

“குரங்கு எச்சிலையாடா தின்னே?”

“எச்சில்னு சொல்லாதே அக்கா. பிரசாதம்.”

“அதுக்கு முன்னாடி ஸ்தோத்திரம் சொன்னியா?”

“சொல்லாம எப்படி?”

“எவ்வளவு கிட்ட நின்னு?”

ஜம்புநாதன் தன் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிக் கையைக் காட்டினான். “காதுல விழணுமோல்லியோ.”

“நடுவுல இருமல் வந்தா?”

அவன் கை அப்படியே நின்றது. தான் காட்டின தூரத்தைத் தானே பார்த்தான். பிறகு மெதுவாகக் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

“மூப்பன் என்னாலயா போச்சு?”

“கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். பஸ்ஸில ஜன்னலோரம் உட்காரு, வாயில துண்டை வெச்சுக்கோ.”

நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் சளியைக் குப்பியில் வாங்கிக்கொண்டு, முடிவு நாளை பதினோரு மணிக்கு என்றார்கள். திரும்பும் வழியிலும் அவன் துண்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு முன்னறையில் கட்டில் போட்டு, இரண்டு ஜன்னலையும் திறந்துவைத்து, தட்டு தம்ளரைத் தனியாக எடுத்துவைத்தாள். குரங்குத் தீனியைத் தாயம்மாள் தன் வீட்டிலேயே வேகவைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னாள். அபயாம்பாள் தோப்புப் பக்கம் போகவில்லை. இவ்வளவு நாள் அவனோடு ஒரே கூரையின்கீழ் மூச்சு விட்டவள், அவளுக்குள்ளும் இருந்தால்? இரண்டு நாளாக டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உள்வேலிவரை போய் நின்றவள் அவள்தானே? அந்த நினைப்பு வந்ததும் சோற்றைப் பிசைந்த கை நின்றுபோயிற்று.

வியாழக்கிழமை காலை இமை பார்க்க டாக்டரை மட்டும் அனுப்பினாள். வெளிவேலிக்கும் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, அவர் வாயையே பார்த்தாள். அவர் ஒவ்வொன்றாகக் குரல் கொடுத்தார். ஒன்பது தடவை “சாஃப்”, சுத்தம் என்றார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் அவளுக்குத் தாங்கவில்லை. பத்தாவதுக்கு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தார். மூளியின் வலது கண் முழுக்க மூடிக்கிடந்தது.

பதினோரு மணிக்கு ஜம்புநாதனின் சளியில் கிருமி இருப்பது உறுதியாயிற்று. மாத்திரைப் பொட்டலங்களோடு திரும்பி வந்தார்கள். ஒன்றரை வருஷம் தினம் விழுங்க வேண்டும், விழுங்கினால் பிழைத்துக்கொள்வான்.

சந்திரமோகன் வாசலிலேயே காத்திருந்தார். ஜம்புநாதன் தள்ளாடித் தள்ளாடி உள்ளே போய், திறந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது.

“மூளிக்கும் மருந்து கொடுத்துப் பார்க்கலாம்,” என்றார் டாக்டர். “சட்டத்துல தடை இல்ல. ஆனா தினமும் கொடுக்கணும். ஒரு வாரம் துப்பிச்சுன்னா கிருமி மருந்துக்கே பழகிடும். அது வரைக்கும் தனியா, மத்ததுங்க கண்ணுலயே படாத எடத்துல வெக்கணும்.”

“எவ்வளவு நாள்?”

“ஒண்ணரை வருஷம். அப்புறமும் கூட்டத்துல விட முடியுமான்னு நான் சொல்ல மாட்டேன்.”

“சொல்லாம மழுப்பாதேங்கோ.”

“முடியாது சிஸ்டர்.”

ஜன்னலுக்குள்ளிருந்து ஜம்புநாதன் எழுந்து நின்றான். “எனக்கு மாத்திரை, அதுக்குக் கொல்ற ஊசியா? கொண்டுவந்து விட்டது நான்தானே. அக்கா, நான் பார்த்துக்கறேன். எனக்கும் நோய், அதுக்கும் நோய். ரெண்டு பேரும் ஒரு பக்கமா இருந்துட்டுப் போறோம். இந்த ரூமிலேயே கூண்டை வெச்சுடு. என் கையாலயே மருந்து கொடுக்கறேன்.”

அது நல்ல யோசனைபோல ஒரு கணம் அவளுக்கே தோன்றிற்று. யாரும் சாக வேண்டாம். தம்பி மனசும் ஆறும். இடுப்பில் வைத்துத் திரிந்த குட்டி தன் கையையே கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூலையும் அதே கணத்தில் கண்முன் வந்தது. மூளி எட்டு வருஷமாக மற்றதன் முதுகில் பேன் பார்த்து, மற்றதன் தோளில் சாய்ந்து தூங்குகிறது. மதியம் வந்தால் ஐந்தாறு சேர்ந்து ஒரே கிளையில் ஒட்டி உட்காரும். அந்த உயிரை எடுத்து, ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் தகரக்கூண்டில் வைக்க வேண்டும்.

“உன் மனசு ஆறறதுக்கு அதைக் கூண்டில போடணும்கறே,” என்றாள். “என் மனசுக்கும் அதுதான் சௌகரியம். அதுக்கு என்னடா சௌகரியம் அதுல?”

“உயிரோட இருக்குமே!”

“கோடவுன்லயும் உயிரோடதான் இருந்தது.”

ஜம்புநாதன் கட்டிலில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். இருமலா அழுகையா என்று வெளியிலிருந்து தெரியவில்லை. அவள் சந்திரமோகனிடம் திரும்பினாள்.

“இன்னிக்கே முடிச்சுடுங்கோ. ஒவ்வொரு ராத்திரியும் அது மத்த ஒன்பதோட ஒட்டிண்டு தூங்கறது. முதல்ல மயக்க ஊசி. முழுசா மயங்கின அப்புறம்தான் அடுத்தது. தாயம்மாள் தலையைப் பிடிச்சுக்கட்டும், அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன்.”

“நீங்க வரலையா?”

“நான் வரக்கூடாது.”

நாலு மணிக்கு மூளியைத் தீனி காட்டித் தனிக்கூண்டுக்குள் இழுத்தார்கள். அபயாம்பாள் பத்தடி தள்ளி நின்று, மயக்கத்துக்கும் மூச்சு நிற்பதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு நிமிஷம். மற்ற ஒன்பதும் மரக்கிளையில் வரிசையாக நின்று கத்தின. இருட்டும்வரை கத்தின. இரண்டு வாரத்துக்கொரு தரம் அவற்றின் இமையில் ஊசி போட வேண்டும்; மூன்று தடவை தொடர்ந்து சுத்தமாக வந்தால்தான் பயம் போகும்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தாயம்மாள் வேகவைத்த கிழங்கோடு வந்தாள். அபயாம்பாள் இரண்டு வேலிகளின் சாவியையும் நோட்டையும் அவள் கையில் கொடுத்தாள். மூளி உட்கார்ந்த கிளைக்கும் தீனிப் பலகைக்கும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாள். என்ன தின்றது, எது இளைத்தது, எது இருமியது, எல்லாவற்றையும் தாயம்மாள் வாயால் சொன்னால் போதும், சாயங்காலம் அவள் மகள் எழுதட்டும் என்றாள்.

“நீங்க எப்பொ மா உள்ள வருவீங்க?”

“என் படம் சுத்தம்னு வந்தா. வரலைன்னா வரமாட்டேன். நான் கேட்டாலும் சாவி கொடுக்காதே.”

“நீங்க கேட்டாக்கூடவா?”

“நான் கேட்டாத்தான் முக்கியமா கொடுக்கக் கூடாது.”

“ஹவ் மா, ஆவட்டும்,” என்று தாயம்மாள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஜம்புநாதனுக்கு அன்றைய மாத்திரைகளைக் கொடுத்து, விழுங்கினபின் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கின் அடியிலும் பார்த்தாள். பிறகு ஆறரை மணி பஸ் பிடித்து, நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே வரிசையில் பதினேழாவது ஆளாகப் போய் நின்றாள்.